கூடுதலாக ஒரு கால்

மூன்றாம் அத்தியாயம்
இதில் திருடன் எடுத்துப் போனதைவிட அதிகமாக வைத்துவிட்டுப் போகிறான்

"எதுங்க திருட்டுப் போச்சு?" என்று கேட்டாள் என் அக்கா உண்ணாமலை.

"ஒண்ணும் போகலீங்க அம்மிணி. ஒரு காலு சேந்து போச்சு" என்றார் மருதாசலம்.

நாடகக் கம்பெனியில் பதினாறு வருஷம் பபூன் வேஷம் கட்டியவன் நான். ராஜா சாகிற கட்டத்தில் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கப் பழகியவன். அன்றைக்கு அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை. அக்கா என் கால் கட்டைவிரலை நறுக்கென்று மிதித்தாள்.

"இவன் என்ற தம்பி சின்னண்ணன், எனக்கு ஒத்தாசை. சிரிக்க வெச்சுச் சோறு தின்னவன், புத்தி இன்னும் மாறல. நீங்க சொல்லுங்க" என்றாள்.

யுத்தம் தொடங்கி நாலாவது வருஷத்து மாசி மாதம் அது. பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பஸ்கள் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. சூரமங்கலத்தில் ஏறி ராசிபுரத்தில் இறங்குவதற்குள் மூன்று மேட்டில் நான் இறங்கித் தள்ளினேன். அக்கா ஒரு மேட்டிலும் இறங்கவில்லை. ராசிபுரத்தில் ஒரு மாட்டுவண்டி காத்திருந்தது. மருதாசலத்தின் மனைவி முத்தாயம்மாள் அனுப்பியது. அந்தப் பக்கத்தில் நிலபுலம் உள்ளவரைப் பண்ணாடி என்பார்கள். மருதாசலம் அறுபது ஏக்கருக்குப் பண்ணாடி.

அக்கா சூரமங்கலம் ஜங்ஷனில் பெண்கள் வெயிட்டிங் ரூமில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். மூட்டையைக் கட்டியிருக்கும் முடிச்சைப் பார்த்தே, இவள் கல்யாணத்துக்குப் போகிறாளா, கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறாளா என்று சொல்லிவிடுவாள். ஒரு ஆங்கிலோ இந்திய கார்டின் மனைவி, ரயில் வருகிறவரை பொழுது போகாமல், இவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அந்த அறையில் காணாமல்போன நகைகளை அக்கா கண்டுபிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, ரயில்வே போலீஸ்காரர்களே வாசலில் சிரித்துவிட்டு உள்ளே வந்து யோசனை கேட்பார்கள். வேலையை விட்ட பிறகு இதுவே தொழிலாகிவிட்டது.

"அந்தக் காலு இதுலதானுங்க இருக்குது" என்று பண்ணாடி கைகாட்டினார்.

கூடத்தில் மேற்குச் சன்னலை ஒட்டி ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் வெள்ளைக் கூழாங்கற்கள். அவற்றின்மேல் ஒரு சாண் நீளப் பிராணி படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது. பொய் சொல்லவில்லை, அதன் வாய் அமைப்பே அப்படி. உடம்பு பாலாடை நிறம், கண் மிளகு. கழுத்தின் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகச் சிவப்புச் சாமரம். பல்லிக்கும் மீனுக்கும் சம்பந்தம் பேசி முடித்தால் பேரப்பிள்ளை இப்படிப் பிறக்கலாம்.

"மெக்சிகோ தேசத்துப் பிராணிங்க. ஆக்சலாட்டல்னு பேரு. நமக்கு அது வாயில நுழையல. சின்னதுரைன்னு கூப்புடறோம்."

பெயர்க்காரணம் கேட்க வேண்டியதில்லை. வெள்ளைத் தோல், சிவந்த காது, பகலெல்லாம் படுக்கை, மாமிசம் தவிர வேறொன்றையும் தொடாத வாய். துரை இல்லாமல் வேறென்ன?

கதை இதுதான். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, போன ஆவணியில் பட்டாளத்துக்குப் போனார். போகும்போது, பழக்கமான மருதாசலத்திடம் தொட்டியையும் பிராணியையும் ஒப்படைத்து, திரும்பி வருகிறவரை காப்பாற்றச் சொன்னார். பண்ணாடி வாக்குக் கொடுத்தார். ஐப்பசியில் சின்னதுரையின் முன் இடது கால் போய்விட்டது. கார்த்திகையில் பண்ணாடிக்குக் கண்ணில் புரை முற்றி, மனைவியைக் கூட்டிக்கொண்டு மதராஸுக்கு ஆபரேஷனுக்குப் போனார். மகள் வீட்டில் தங்கி மூன்று மாதம் கழித்து நேற்றுத்தான் திரும்பினார். வீட்டைக் கூட்டி, பிராணிக்குத் தீனி போடும் வேலை பண்ணையாள் பாவாயியுடையது. மூன்று காலோடு விட்டுப்போன சின்னதுரை இன்றைக்கு நாலு காலோடு உட்கார்ந்திருக்கிறது. நாளைக் காலை துரை லீவில் வருகிறார், பார்க்க.

"கண்ணாடி புதுசுங்களா?" என்று அவர் மூக்கிலிருந்த தடித்த கண்ணாடியைக் காட்டிக் கேட்டேன். "சில கண்ணாடியில ஒண்ணு ரெண்டாத் தெரியுமாமுங்க."

"நானும் எண்ணிப் பாத்தேனப்பா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றாள் முத்தாயம்மாள். "அப்ப மூணு, இப்ப நாலு."

"கால் எப்படிங்க போச்சு?" என்றாள் அக்கா.

பண்ணாடி கொஞ்சம் நெளிந்தார். "ஒண்டியா இருக்குதேன்னு துணைக்கு ஒரு விராலு மீனப் புடிச்சு உட்டேனுங்க. அது கடிச்சுப்போட்டுது."

"விராலு என்னாச்சுங்க?"

"கொழம்பு வெச்சுத் தின்னுபோட்டோம். தண்டனை குடுக்கோணுமில்லீங்களா?"

இந்த வீட்டில் குற்றவாளியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

"காலு மட்டுமில்லீங்க" என்றார் பண்ணாடி. "எங்க சின்னதுரை எலும்பும் தோலுமா இருந்துது. காதெல்லாம் சுருங்கிக் கெடந்துது. நாலு நாளைக்கு ஒருக்கா ஆட்டு ஈரல் ஒரு துணுக்குத் தின்னா அதிசயம். இதைப் பாருங்க! கொழுகொழுன்னு இருக்குது, காது சாமரமாட்டம் விரிஞ்சு கெடக்குது, காலைல கைய வெச்சா விரலக் கவ்வுது. இது நல்லா இருக்குதுங்க. அதனாலதான் சொல்றேன், இது எங்களுது இல்ல!"

"ஆக, நோஞ்சானைத் திருடிப்போட்டு நல்லதை வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றேன். "அந்தத் திருடனைப் புடிச்சா விடாதீங்க அக்கா. என்ற முதுகையும் மாத்தித் தரச் சொல்லலாம்."

அக்கா சிரிக்கவில்லை. அவள் சன்னலையும், தொட்டிக்குள் சாய்ந்து விழுந்திருந்த வெயிலையும் பார்த்தாள். "கல்லு எங்கத்ததுங்க?"

"பவானிக் கூடுதுறையில நானே பொறுக்கியாந்தது. வெள்ளிக்கெழமையானா ஒரு கரண்டி பாலும் ஊத்தச் சொல்லியிருந்தேன். ராஜ உபசாரமுங்க."

"அந்தப் படம்?"

தொட்டிக்கு மேலே, ஆளுயரத்துக்கும் மேலே, ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கியது. உள்ளே இங்கிலீஷ் எழுத்து. சந்தனத்தை அப்பி அப்பிப் பாதி மறைந்துவிட்டது. காகிதப்பூ மாலை வேறு.

பண்ணாடியின் நெஞ்சு நிமிர்ந்தது. "துரை என்னைப் பாராட்டி எழுதிக் குடுத்த பத்திரம். பட்டாளத்துக்குப் போறன்னைக்கு அவரு கையால எழுதுனது. மறுநாளே ராசிபுரத்துல சட்டம் போட்டு மாட்டிட்டேன்."

"ஓரத்துல ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்டிருக்குதுங்களே?"

"என்ற கொணங்களை வரிசையா எழுதியிருக்காரு."

அக்கா அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். எறும்பு வரிசை மாதிரி எழுத்து, அதன்மேல் சந்தனம். சட்டத்தை இறக்கித் தர முடியுமா என்று கேட்டாள். பூசை போட்ட படத்தை நினைத்த நேரத்துக்கு இறக்கக் கூடாது என்றுவிட்டார்.

"சரிங்க. பாவாயி எங்க?"

முத்தாயம்மாளின் முகம் வாடியது. "காலைல எல்லா ஆளுகளையும் வரிசையா நிறுத்தி, கற்பூரம் ஏத்தி, மாரியாத்தா மேல சத்தியம் பண்ணச் சொன்னாருங்க. 'தொட்டியில இருந்து சின்னதுரையை நான் வெளிய எடுக்கல'ன்னு சொல்லிக் கற்பூரத்த அணைக்கோணும். எல்லாரும் அணைச்சாங்க. பாவாயி கைய நீட்டிட்டு இழுத்துக்கிட்டா."

"பொழுதோட ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்" என்றார் பண்ணாடி. "பொழுது சாயறதுக்குள்ள வந்து கற்பூரத்த அணைச்சா இருக்கலாம். இல்லாட்டிப் போகட்டும்."

மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் ஓலைக் குடிசை. வாசலில் இரண்டு மூட்டை. ஒரு மூட்டையின்மேல் பாவாயியின் மகள் காளியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், வந்த இடத்தில் மூட்டைமேல் உட்கார வேண்டியதாயிற்று. நான் ஒரு வேடிக்கைப் பேச்சைத் தயாராக வைத்திருந்தேன். அவள் வயிற்றைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தேன்.

பாவாயிக்கு நாற்பது வயதிருக்கும். மண் படிந்த விரல் நகங்கள். மூன்றாவது மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அந்த முடிச்சைப் பார்த்தாள்.

"ஏனம்மிணி, அந்தப் பிராணியை நீ மாத்துனியா?"

"இல்லீங்க."

"அப்பறம் அதைச் சொல்லிக் கற்பூரத்த அணைச்சிருக்கலாமே?"

"அதைச் சொல்லச் சொல்லலீங்களே" என்றாள் பாவாயி. அப்புறம் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா இன்னும் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். கடைசியில் பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னா யாரு நம்புவாங்க? ஆத்தாகிட்டக் கேளுங்க. அவளுக்குத்தான் தெரியும்" என்றாள்.

வெளியே வந்ததும், "சாமியைச் சாட்சிக்குக் கூப்புடறவங்க எல்லாரும் ஒரே ரகந்தான். சாமி சாட்சிக் கூண்டுல ஏறாதுங்கற தைரியம்" என்றேன்.

"நீ முடிச்சைப் பாத்தியா?"

"மூட்டையைப் பாத்தேன்."

"ஒத்தை முடிச்சு. ஒரு இழு இழுத்தா அவுந்துரும். தப்புப் பண்ணிட்டு ஓடறவ ரெட்டை முடிச்சுப் போடுவா. இவ திரும்பக் கூப்புடுவாங்கன்னு இன்னும் நம்பிக்கிட்டிருக்கா." அக்கா முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். "வா. ஆத்தாகிட்டக் கேக்கலாம்."

"நெசமாவா அக்கா?"

"விலாசம் குடுத்திருக்காளே, போய்ப் பாக்காம இருப்பாங்களா?"

மாரியம்மன் கோயில் ஊர்க்கோடியில் வேப்பமரத்தடியில் இருந்தது. மரத்தைச் சுற்றி மண் உருவங்கள் வரிசையாக நின்றன. மாடு பிழைத்தவர் மண்ணில் மாடு செய்து வைப்பார். பிள்ளை பிறந்தவர் பிள்ளை உருவம், கைவலி தீர்ந்தவர் கை. வேண்டிக்கொள்ளும்போது வைப்பதில்லை. ஆத்தா கேட்டதைக் கொடுத்த பிறகுதான் கொண்டுவந்து வைக்க வேண்டும். இது அந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"எதைத் தேடோணும்?" என்றேன்.

"காலு."

கால்களுக்குப் பஞ்சமில்லை. முழங்கால் வரை, தொடை வரை, இடது, வலது என்று ஒரு பட்டாளத்துக்குப் போதுமான கால்கள். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனேன். ஏழாவதோ எட்டாவதோ கையில் எடுத்தபோது ஏதோ குறைந்தது. இன்னொரு முறை எண்ணினேன்.

"அக்கா, இந்தக் கால்காரன் ஒரு விரலை ஊட்டுலயே மறந்துட்டு வந்துட்டான்."

அக்கா வாங்கிப் பார்த்தாள். ஒரு சாண் நீளம். குட்டையான கால், விரிந்த நாலு விரல். மனிதக் கால் என்று சொல்ல முடியாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் விரலே கிடையாது. அதன்மேல் காய்ந்துபோன செவ்வரளிப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது.

"தொட்டியில அது முன்னங்காலைக் கண்ணாடியில ஊனிட்டு நின்னுதே, நீ விரலை எண்ணுனியா?" என்றாள்.

"நான் காலை எண்ணிக்கிட்டிருந்தேன்."

"நாலு. பின்னங்கால்ல அஞ்சு. நம்ம பண்ணாடி காலை எண்ணுனாரு. பாவாயி விரலையும் எண்ணியிருக்கா."

உருவம் செய்கிற குயவர் பொன்னனின் சூளை பக்கத்துத் தெருவில்தான். அந்தக் காலைக் கண்டதும் பொன்னன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அதை ஏனுங்க கேக்கறீங்க! கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கு செஞ்சு மாளாம நான் தவிச்சுக்கிட்டிருக்கறன். அப்ப வந்து நின்னு, ஒரு காலு வேணுமுங்கறா பாவாயி. சரின்னு அஞ்சு விரலோட செஞ்சா, வேண்டாமின்னுட்டா. நாலு போதுமாம். எனக்கே விரல் எண்ணச் சொல்லித் தர்றாளேன்னு கோவம் வந்துருச்சுங்க."

"கார்த்திகையிலயே எடுத்துட்டுப் போயிட்டாளா?"

"அதான் இல்லீங்க. 'இப்ப வேண்டாம், காலு மொளைக்கட்டும். மொளைச்சாத்தான் வெக்கோணும்'னு சொல்லிப்போட்டுப் போனா. கால் என்ன கருவேப்பிலைச் செடியா மொளைக்கறதுக்கு? மூளை கலங்கிப்போச்சுன்னு நெனச்சேன். பொங்கப்பானை வேலையெல்லாம் முடிஞ்ச பொறகால, தை மாசக் கடைசியில வந்தா. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. வாங்கிட்டுப் போயிட்டா."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மண்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிராணியை மாற்றி வைக்கத் திட்டம் போட்டவள், மூன்று மாதத்துக்கு முன்பே போய் அம்மனிடம் கால் கேட்பாளா? கேட்டுவிட்டு, முளைக்கட்டும் என்று காத்திருப்பாளா? இவ்வளவு தூரம் என் மூளைக்கே எட்டியது. ஆனாலும் போன கால் முளைப்பதாவது!

"வேற எதாச்சும் வாங்குனாளா?" என்றாள் அக்கா.

"ஒரு பெரிய தாழி. அதுலயும் ஒரு கிறுக்குங்க. நல்லாச் சுட்டது வேண்டாமாம். தண்ணி கசியறாப்பல இருக்கோணுமாம். தோட்டத்துக் கெணத்துக்குத் தூக்கிட்டுப் போனா."

மருதாசலத்தின் தோட்டத்துக் கிணறு ஒரு வீட்டையே இறக்கிவிடலாம் என்கிற அகலம். ஓரமாகக் கல்படி. "இறங்கு" என்றாள் அக்கா. கிணற்றைக் கண்டால் எனக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். கம்பெனியில் கிணற்றில் குதிக்கும் கட்டத்தில்கூட எனக்குப் பதில் தலையணைதான் குதிக்கும்.

"தலையணையை நான் கூட்டியாரல, உன்னைத்தான் கூட்டியாந்தேன். இறங்கு."

இருபது படி இறங்கியதும் வெயில் மேலேயே நின்றுவிட்டது. பக்கச் சுவரில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் குடைந்த பொந்து. அதற்குள் அந்தத் தாழி. சுற்றிலும் ஈரச்சாக்கு. வாயை மூடி ஒரு பழைய முறம். முறத்தை எடுத்து உள்ளே கையை விட்டேன். மாசி வெயிலில் வெந்துபோய் வந்த உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. முழங்கை வரை விட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

"உட்ட கையை வெளிய எடு" என்று மேலிருந்து குரல் வந்தது. "என்ன இருக்குது?"

"தண்ணி. ஐஸ் போட்ட மாதிரி. அடியில கல்லு மண்ணு ஒண்ணுமில்ல, சுத்தம். பக்கத்துல ஒரு சட்டி. அதுல..." சட்டிக்குள் ஈர மண்ணில் விரலை விட்டேன். ஏதோ என் விரலோடு சேர்ந்து நெளிந்தது. நான் போட்ட கூச்சல் கிணற்றுக்குள் மூன்று முறை சுற்றியது. "மண்புழு அக்கா! மண்புழு!"

"உன்னைக் கடிக்காது. இன்னும் பாரு."

பொந்தின் மூலையில் ஒரு கொட்டாங்குச்சி. அதற்குள் ஒன்பது கூழாங்கற்கள். சுண்டைக்காய் அளவு, வெள்ளை வெளேர் என்று. கிணற்றுச் சுவரோ கருங்கல். மடியில் கட்டிக்கொண்டு மேலே ஏறினேன். அக்கா ஒரு கல்லை எடுத்துத் தன் தலைக்குமேல் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் மேற்கே பார்த்தாள். பொழுது பனைமரத்து உயரத்துக்கு இறங்கியிருந்தது.

"நட வெரசா" என்றாள்.

கூடத்தில் கற்பூரத் தட்டு தயாராக இருந்தது. பண்ணையாட்கள் வாசலில் நின்றார்கள். பாவாயி தூணோரமாக ஒடுங்கி நின்றாள், காளியாத்தாள் மூட்டையோடு வெளியே. பண்ணாடி தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டே, "திருடனைப் புடிச்சீங்களா அம்மிணி?" என்றார்.

"திருட்டே இல்லீங்க" என்றாள் அக்கா. "இந்த ஊட்டுல நடந்தது ஒரு கொலை முயற்சி."

அக்கா தொட்டிக்குப் பக்கத்தில் அந்த நாலுவிரல் மண்காலை வைத்தாள். கோயிலில் எடுத்ததையும் பொன்னன் சொன்னதையும் சொன்னாள். அப்புறம் என் மடியிலிருந்த ஒன்பது கற்களைப் பண்ணாடியின் உள்ளங்கையில் கொட்டினாள்.

"இது எந்த ஊருக் கல்லுங்க?"

பண்ணாடி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். தொட்டியின் அடியில் கிடந்ததைப் பார்த்தார். "கூடுதுறைக் கல்லு. என்றதுதான். எங்க கெடைச்சுது?"

"கெணத்துப் பொந்துல. பாவாயி, இந்தக் கல்லு அங்க எப்படி வந்துதுன்னு நீயே சொல்லு சாமி."

பாவாயி தலை நிமிரவில்லை. "அது வயித்துல இருந்துதுங்க. தீனின்னு நெனச்சு முழுங்கி வெச்சிருக்குது. கல்லு அடைச்சுக்கிட்டுத்தானுங்க ஈரலைத் தொடாமக் கெடந்துது. தாழியில உட்டப்பறம் ஒவ்வொண்ணா வெளிய வந்துது. பத்து நாளாச்சு. எடுத்து வெச்சிருந்தேன், பண்ணாடி கல்லாச்சேன்னு."

பண்ணாடி உள்ளங்கையைச் சட்டென்று தள்ளிப் பிடித்தார். எந்த வழியாக வெளியே வந்தது என்று யோசித்திருப்பார்.

"நீங்க மதராஸ் போன மறுநா அது மல்லாந்துருச்சுங்க" என்று பாவாயி தொடர்ந்தாள். பேச ஆரம்பித்ததும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. "வெயில் ஏற ஏற அதுக்கு மூச்சு வாங்கும். புதுசா எறைச்ச தண்ணிய ஊத்துனாக் கொஞ்சம் தெளியும். அதைப் பாத்துத்தான், குளுந்த எடமா இருந்தாப் பொழைக்குமின்னு கெணத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். பாலை நிறுத்திட்டேன். பால் ஊத்துன தண்ணி மறுநாளே நாறுதுங்க. வாழைக்கட்டுல மண்புழு தோண்டிப் போட்டேன், மொதக் கல்லு வெளிய வந்தன்னைக்கே லபக்குனு முழுங்குச்சு. தெனமும் தாழித் தண்ணியில கொஞ்சத்த மோந்துட்டுப் புதுசு ஊத்துவேன். நீங்க வர்றதுக்கு முந்தின நாள்தான் திரும்ப இங்க கொண்டாந்து உட்டேன்."

"அந்தக் காலு?" என்றார் பண்ணாடி. அவர் குரலில் இன்னும் விறைப்பு இருந்தது. "மத்ததெல்லாம் சரி. கடிச்சுத் தின்ன காலு மொளைக்குமா? எந்தச் சீவனுக்காச்சும் அப்படி நடந்திருக்குதா? மொதல்ல மொட்டு மாதிரி வந்துது, அப்பறம் விரலு வந்துதுன்னு சொன்னா நான் நம்போணுமா?"

"பண்ணாடி, மொட்டு மாதிரிதானுங்க வந்துது" என்றாள் பாவாயி ஆச்சரியத்தோடு.

ஆட்களின் முகத்தைப் பார்த்தேன். நம்ப ஆசை இருந்தது, நம்பிக்கை இல்லை. நியாயமாகச் சொன்னால் எனக்கும் இல்லை. இந்த இடத்தில் அக்கா தோற்றுவிடுவாள் என்று நினைத்தேன். வெளியே காளியாத்தாள் மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் படத்தை இப்ப இறக்குங்க" என்றாள் அக்கா.

"அது எதுக்கு?"

"பாராட்டுக்கு யாருங்க நம்பர் போடுவாங்க? இருபது துரைமாருக சர்ட்டிபிகேட்டை நான் ஜங்ஷன்ல பாத்திருக்கறேன். ஒருத்தருமே ஒண்ணு ரெண்டுன்னு எழுதல. நம்பர் போட்டு எழுதறது வெயிட்டிங் ரூம் சட்டம் மட்டும்தான். இங்க துப்பாதே, அங்க படுக்காதேன்னு."

பண்ணாடி அசையவில்லை. முத்தாயம்மாள்தான் முக்காலியைப் போட்டு ஏறி, மாலையோடு சட்டத்தை இறக்கிக் கொடுத்தாள். அக்கா முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். ஆறு மாதச் சந்தனம், சுலபத்தில் போகவில்லை. அப்புறம் விரல் வைத்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் முணுமுணுத்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"ஒண்ணு. தண்ணி எப்பவும் குளுந்திருக்கோணும். வெயில் படவே படாது."

எல்லோரும் சன்னலைப் பார்த்தார்கள். வெயில் இன்னும் தொட்டியின் ஓரத்தில் இருந்தது.

"ரெண்டு. வாய்க்குள்ள போற அளவுக் கல்லைத் தொட்டியில போடாதீங்க, முழுங்கிப்போடும். மூணு. மீனு எதையும் கூட விடாதீங்க."

"விராலு" என்று யாரோ வாசலில் சொன்னார்கள். ஒரு ஆள் துண்டால் வாயை மூடிக்கொண்டான்.

"தண்ணியில ஒண்ணும் கலக்கக்கூடாது. ஒரேயடியா எல்லாத் தண்ணியையும் மாத்தாம, கொஞ்சங் கொஞ்சமா மாத்தோணும். மண்புழு இருந்தா வேற தீனியே வேண்டாம்." அக்கா நிமிர்ந்தாள். "பண்ணாடி, துரைமாரு சித்திரை வந்தா வெயில் தாங்காம ஏற்காட்டுக்கு ஓடறாங்க. சின்னதுரையை மட்டும் சன்னல்ல வெச்சு வாட்டுனீங்களே, அதுவும் அந்தச் சாதிதானுங்களே?"

பண்ணாடி சட்டத்தை எட்டிப் பார்த்தார். "காலைப் பத்தி எதாச்சும்..." என்றார். பாதிக் குரல்தான் வந்தது.

"ஏழாவது" என்றாள் அக்கா. அதைப் படிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கால் போயிட்டாப் பயப்படாதீங்க. அது திரும்ப மொளைக்கும்."

பாவாயி அப்போதுதான் அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. தான் கண்ணால் கண்டதை இன்னொருவரும் கண்டிருக்கிறார் என்று தெரிந்த நிம்மதி அது. வந்ததிலிருந்து நான் செய்த வேடிக்கைகளை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

"கடைசியா அடியில கோடு போட்டு ஒரு வரி இருக்குதுங்க" என்றாள் அக்கா. "இதை உடனே யாரையாச்சும் படிச்சுக் காட்டச் சொல்லுங்கன்னு எழுதியிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

"ஏம் பாவாயி, இதைக் காலைலயே சொல்லறதுக்கென்ன?" என்று முத்தாயம்மாள் கேட்டாள்.

"கால் மொளைச்சுதுன்னு சொன்னா யாரும்மா நம்பறது? கற்பூரத்துக்கு முன்னால, தொட்டியில இருந்து எடுக்கலைன்னு சொல்லச் சொன்னாரு. நான்தான் எடுத்தேனே. ஆத்தா காலைக் குடுத்திருக்கா, அவகிட்டவே எப்படிம்மா பொய் சொல்றது?"

அக்கா சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். தட்டிலிருந்த கற்பூரத்தை ஏற்றி, பண்ணாடிக்கு முன்னால் நீட்டினாள்.

"எல்லாரும் அணைச்சாச்சு. நீங்க ஒருத்தருதானுங்க பாக்கி. 'சின்னதுரைக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அணைச்சுருங்க. பாவாயி இப்பவே கெளம்பிருவா."

மருதாசலம் கையை நீட்டினார். கை சுடருக்கு மேலே நின்றது. அவர் வாய் திறந்தது. இன்னொரு கையிலிருந்த ஒன்பது கற்களில் ஒன்று நழுவித் தரையில் விழுந்து உருண்டது. கையை இழுத்துக்கொண்டார்.

கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது.

"பாவாயி" என்றார் பண்ணாடி, தரையைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்குத் துரை வாராரு. சின்னதுரையை எங்க வெச்சா நல்லதுன்னு நீயே சொல்லு."

"கெணத்துல வெச்சாத்தானுங்க நல்லது."

"அப்படின்னாத் துரையும் கெணத்துல எறங்கியே பாக்கட்டும்."

பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்சட்டியில் தொட்டித் தண்ணீரை மோந்தாள். இரண்டு கையையும் உள்ளே விட்டதும் சின்னதுரை நாலு காலையும் பரப்பிக்கொண்டு அவள் உள்ளங்கையில் தானாக வந்து உட்கார்ந்தது. சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். சாய்ந்த வெயில் நேராகச் சட்டிக்குள் விழுந்தது.

"இருடி பாவாயி, வெயிலு!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம்.

மருதாசலம் பண்ணாடி மாடத்திலிருந்த குடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். குடையை விரித்து, சட்டிக்கு மேலே பிடித்தார். குடை சிறிது. சட்டிக்கு நிழல் விழ வேண்டுமானால் பாவாயி தலைக்கும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். அவர் தலை வெயிலில் இருந்தது. அறுபது ஏக்கர் பண்ணாடி, தன் பண்ணையாளுக்குக் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்து வரப்பில் போவதை ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் சொல்வதற்கு மூன்று வேடிக்கை வைத்திருந்தேன். மூன்றும் நல்ல வேடிக்கைகள். சொல்லவில்லை.

வாசலில் அக்கா காளியாத்தாளின் மடியிலிருந்து மூட்டையை வாங்கினாள். அந்த ஒற்றை முடிச்சை ஒரு இழு இழுத்து அவிழ்த்தாள்.

"ஊட்டுக்குப் போய்ப் படு சாமி" என்றாள்.